கொழும்பிலிருந்து வந்த இரண்டு ராடுகள்

ஏரலில் ஆற்றங்கரையை ஒட்டி இருந்த ஓர் அரிசி மில்லில் நான் எஞ்சின் மேஸ்திரியாகச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பு பாளையங்கோட்டையில் மிஷன்காரர்களின் தொழிற்பள்ளியில் படித்து, தூத்துக்குடியில் பருத்தி அரைக்கும் ஆலை ஒன்றில் சில வருஷம் கை அழுக்காக்கியிருந்தேன். ஏரலில் தனி எஞ்சின் ஒன்றை என் பொறுப்பில் விடுகிறார்கள் என்றதும், அந்தப் பெருமைக்காகவே தூத்துக்குடி வேலையை விட்டு, பாளையங்கோட்டையிலிருந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மில் காயல்பட்டினத்து அண்ணன் தம்பி இருவருடையது. அண்ணனுக்குக் கொழும்பில் கடை. தம்பி ஏரலிலேயே தங்கி மில்லைப் பார்த்துக்கொண்டார். வியாழக்கிழமை சாயங்காலம் ஆற்றைக் கடந்து காயலுக்குப் போவார், வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து மறுநாள் வருவார். நாங்கள் அண்ணனைப் பெரியவர் என்போம். தம்பியைச் சின்ன முதலாளி என்போம். இவர்கள் சிறுவர்களாக இருக்கும்போதே இவர்களுடைய வாப்பா, அதாவது தகப்பனார், இறந்துபோனார். மீசை அரும்பும் முன்பே பெரியவர் கொழும்புக்குக் கப்பல் ஏறி, அடுத்தவர் கடையில் மூட்டை தூக்கி, அங்கிருந்தபடியே தம்பியை வளர்த்து ஆளாக்கினார். மில்லே அவர் உழைப்பில் வந்ததுதான். சின்ன முதலாளி பேச்சுக்குப் பேச்சு "காக்கா சொன்னாங்க", "காக்காட்ட கேக்கணும்" என்பார். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வாயில் அந்தச் சொல் வரும்போது அதில் பாதி வாப்பாவும் இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் எஞ்சின் கைமாறி வந்த நீராவி எஞ்சின். இரண்டு அரவை மெஷின்களை மூச்சு வாங்காமல் இழுக்கும். மூன்றாவதைப் பூட்டினால் திணறும். மாசி, பங்குனியில் வரும் பிசான அறுப்புக் காலத்தில் மில் வாசலில் நெல் வண்டிகள் வரிசையாக நிற்கும். முறை வராமல் சலித்துப்போய், மாட்டைத் திருப்பிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. சின்ன முதலாளி அந்த வண்டிகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கடைசியில் பெரியவரிடம் அனுமதி வாங்கி, அழுத்தம் அதிகம் தாங்கும் பெரிய பாய்லர் ஒன்றை வரவழைத்தோம். நீராவி அழுத்தம் கூடினால் அதே எஞ்சினில் குதிரைசக்தி ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது கணக்கு. சிலிண்டர் தடிமனாக இருந்தது, அது தாங்கும். பிளைவீல் என்ற பெரிய சக்கரமும் தாங்கும். எனக்குச் சந்தேகம் கனெக்டிங் ராடின் மேல்தான்.

எஞ்சினைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நீராவி பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அந்த முன்பின் ஓட்டத்தைச் சக்கரத்தின் சுற்றாக மாற்றிக் கொடுப்பது ஒரே ஓர் இரும்புத் தண்டு, அதுதான் கனெக்டிங் ராடு. ஒரு தலை பிஸ்டன் பக்கம், மறுதலை சக்கரத்தின் கிராங்குப் பக்கம். ஒரு சுற்றுக்குள் அதை ஒரு முறை நசுக்குகிறது, ஒரு முறை இழுக்கிறது. எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் அதற்கு இந்தப் பாடுதான். மற்ற எது உடைந்தாலும் எஞ்சின் நிற்கும். இது உடைந்தால் எஞ்சின் நிற்காது. சுற்றுகிற வேகத்தில் உடைந்த துண்டைச் சுழற்றி எதிரில் இருக்கிறதையெல்லாம் அடிக்கும். தூத்துக்குடியில் அப்படி அடி வாங்கிய சுவர் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவரின் ஓட்டை வழியாக வெளியே வேப்பமரம் தெரிந்தது.

புதுப் பாய்லரில் முதன்முதலில் ஓட்டிப் பார்த்த அன்று, மூன்றாவது மெஷினைப் பூட்டியதும் எஞ்சின் 'டொக், டொக்' என்று முட்ட ஆரம்பித்தது. நிறுத்தி, ராடைக் கழற்றி, நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் மெல்ல வளைந்திருந்தது.

"நிமித்திப் போடலாமே வே?" என்றார் சின்ன முதலாளி.

"நிமித்தலாம் மொதலாளி. ஒருக்கா வளைஞ்ச இரும்பு மறுபடி வளையும். வேற ராடுதான் போடணும்."

தூத்துக்குடிப் பட்டறையில் புதிதாக அடித்துத் தர அறுப்பு முடிந்துவிடும் என்றார்கள். சீமையிலிருந்து வரவழைப்பதானால் அதைவிடத் தாமதம். சின்ன முதலாளி அண்ணனுக்கு எழுதினார். நான் ராடின் அளவுகளையெல்லாம் படமாக வரைந்து கொடுத்தேன். கொழும்புத் துறைமுகத்தில் பழைய கப்பல்களை உடைத்து விற்கிற இடங்கள் இருப்பது எங்களுக்குத் தெரியும்.

பெரியவர் பதில் எழுதவில்லை. அவரே வந்துவிட்டார்.

தூத்துக்குடியில் கப்பல் இறங்கி, ராடுகளை மாட்டு வண்டியில் ஏற்றி, தானும் அதே வண்டியில் உட்கார்ந்து ஏரலுக்கு வந்து சேர்ந்தார். வண்டியில் இரண்டு ராடுகள் இருந்தன. ஒன்றைத் தனியாகக் கோணியில் சுற்றி, அதன்மேல் தன் படுக்கையை வைத்துக்கட்டிக் கொண்டுவந்திருந்தார். கோணியை அவிழ்த்ததும் மில் ஆட்கள் வாய்விட்டே ஆச்சரியப்பட்டார்கள். வெள்ளி மாதிரி பளபளப்பு. சின்னத் தலையிலிருந்து பெரிய தலைவரை தண்டு பைய பையப் பருத்து வந்த அழகை இப்போது நினைத்தாலும் கை தடவிப் பார்க்கத் துடிக்கிறது. நல்ல உருக்கு. ஒரு சின்னக் கப்பலில் இருந்த ஜோடி எஞ்சினில் ஒன்றின் ராடு அது.

"ஒடைக்கிற எடத்துல நானே வெயில்ல நின்னு பொறுக்குனேன் வே," என்றார் பெரியவர். உயரமான மனிதர், தாடி அப்போதே நரைக்கத் தொடங்கியிருந்தது. "ஒம்ம படத்த கையில வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா அளந்தேன். இது ஒண்ணுதான் நூல் பிசகாம நின்னுச்சு. இதுக்குக் கூடப்பொறந்தது ஒண்ணு இருந்துச்சு. அத கொழும்புல நம்ம கூட்டாளி ஒருத்தரு, அவரு தேங்காயெண்ண மில்லுக்கு வாங்கிக்கிட்டாரு."

"இது என்ன காக்கா?" என்று சின்ன முதலாளி வண்டியில் கிடந்த இன்னொன்றைக் காட்டினார். கறுப்பாக, முரட்டுத்தனமாக, உலக்கை மாதிரி இருந்தது அது. ஏதோ பழைய தண்ணீர் இறைக்கும் எஞ்சினில் இருந்ததாம்.

"அது சும்மா கெடந்துச்சு. இருக்கட்டும்னு ஏத்திட்டேன். கெணத்துக்குக் குறுக்குக் கட்டையாப் போட்டாலும் ஒதவும்," என்று சொல்லி அவர் சிரித்தார். அன்று பெரியவர் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தம்பிக்கு ஒரு காரியம் செய்துவிட்ட மனிதனின் சிரிப்பு.

இரண்டையும் மேடையில் போட்டு அளந்தேன். கப்பல் ராடு அளவுக்கு அளவு பொருந்தியது. எடையும் பழைய ராடைவிடச் சற்றுத்தான் கூடுதல். வேகமாக ஓடினாலும் எஞ்சினை உலுக்காது. கறுப்பு ராடு நீளத்தில் கொஞ்சம் மிச்சம், தலைக்குள் இருக்கும் பித்தளையைச் செதுக்கிப் பொருத்த வேண்டும். எடையோ அதிகம். அதைப் போட்டால் கிராங்கின் எதிர்ப்பக்கத்தில் ஈயம் ஏற்றிச் சமன் செய்ய வேண்டும், வேகத்தையும் சற்றுக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு யாரும் கப்பல் ராடையே எடுப்பார்கள். நானும் மனதுக்குள் அதைத்தான் எடுத்து வைத்திருந்தேன்.

ஆனாலும் பழைய சாமான். சோதித்துப் பார்க்காமல் பூட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை. தூத்துக்குடி ஆலையில் கற்றுக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. இரும்பைச் சுத்தமாகக் கழுவி, சீமையெண்ணெயில் ஊறப்போட வேண்டும். பிறகு எடுத்து, துளி ஈரம் இல்லாமல் துடைத்து, சீமைச் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் புகுந்திருக்கும் எண்ணெய் கசிந்து வெள்ளையின் மேல் கறுப்புக் கோடாகத் தெரியும். விரிசல் இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

மறுநாள் மத்தியானம் இரண்டு ராடுகளும் வெள்ளை பூசிக்கொண்டு முற்றத்து வெயிலில் கிடந்தன. பெரியவர் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். மில் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். முதலில் கறுப்பு ராடைத் தட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததைத் தட்டினேன். பெரிய தலையும் தண்டும் சேருகிற கழுத்தில், தலைமுடி ஒன்று ஒட்டியது போல ஒரு கோடு தெரிந்தது. முடிதான் ஒட்டியிருக்கிறது என்று நானே நினைத்து ஊதினேன். அது பறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் தடித்தது.

"அது கொல்லன் அடிச்ச தழும்பு வே," என்றார் பெரியவர்.

"இருக்கலாம் மொதலாளி. மேலாப்புல இருந்தா அரம் போட்டா போயிரும்."

"போட்டுப் பாரும்."

பளபளவென்றிருந்த கழுத்தில் அரத்தை வைக்க எனக்குக் கை கூசியது. தேய்த்து, மறுபடி எண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்பு பூசிக் காயவைத்தேன். கோடு அதே இடத்தில் மறுபடி வந்தது. இன்னும் ஆழமாகத் தேய்த்தேன். மறுபடியும் வந்தது.

பெரியவர் எழுந்து வந்து நகத்தால் அந்த இடத்தைச் சுரண்டினார். நகத்துக்கு எதுவும் தட்டுப்படவில்லை. "கப்பலையே இழுத்த சாமான். ஒம்ம நெல்லு மெஷின இழுக்காதா?"

"அங்கன இழுத்ததுலதான் இந்த விரிசல் விழுந்திருக்கும் மொதலாளி. இனி அது வளந்துக்கிட்டுத்தான் போகும்." அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, சொன்னேன். "இதோட ஜோடியையும் பாக்கச் சொல்லுங்க. ரெண்டும் ஒரே பாடு பட்டதுதான்."

அவர் முகம் மாறியது. தான் தேடிக் கொண்டுவந்ததைக் கெட்டதென்று சொன்னது பற்றாமல், கூட்டாளிக்குக் கொடுத்ததையும் கெட்டதென்கிறான் என்று பட்டிருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார். "நான் சொல்லுதேன், பூட்டச் சொல்லு. ஓடுதா இல்லையான்னு பாப்போம்."

எல்லாரும் சின்ன முதலாளியைப் பார்த்தோம். அண்ணன் சொல்லை அவர் தட்டி நான் கண்டதில்லை, யாருமே கண்டதில்லை. எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் ஆட்களை அவர் ஒருமுறை பார்த்தார்.

"வேண்டாம் காக்கா," என்றார். "அந்தக் கறுப்பையே போடட்டும்."

பெரியவர் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி. மில்லு ஒன்னோடது," என்று சொல்லிவிட்டு, பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். மில்லு ஒன்னோடது என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் சின்ன முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை அந்த மில்லை யாரும் அப்படிப் பிரித்துப் பேசியதில்லை.

கறுப்பு ராடைப் பொருத்த எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. பித்தளையைச் செதுக்கி, கிராங்கில் ஈயம் ஏற்றி, ஒருவழியாக ஓட்டினோம். மூன்று மெஷினையும் இழுத்தது. நான்காவதைப் பூட்டினோம், அதையும் இழுத்தது. அறையில் எல்லாரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். பெரியவர் வாசலில் நின்று பார்த்தார். "நல்லா ஓடுது," என்றார். அன்று சாயங்காலமே காயலுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஏரலுக்கு வரவே இல்லை.

மில் நன்றாக நடந்தது. நெல் வண்டிகள் திரும்புவது நின்றது. ஆனால் கொழும்பிலிருந்து வருகிற கடிதங்கள் குறுகிப்போயின. சுகம், சுகமறிய ஆவல், காயலில் உம்மாவைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். முன்பெல்லாம் மில்லைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாக எழுதுகிறவர், இப்போது மில் என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஒரு தடவை பெரியவர் காயலுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தார். சின்ன முதலாளி ஏரலுக்கு வாங்கோ என்று கூப்பிட்டதற்கு, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

"காக்காவுக்கு என் மேல கோவம் தீரல வே," என்பார் சின்ன முதலாளி. "நாலு பேரு முன்னால வச்சு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"வேற எப்பிடிச் சொல்லுவீங்க மொதலாளி? அந்த நேரத்துல சொல்லாட்டா, பூட்டியிருப்போமே."

"அதுவும் சரிதான்," என்பார். ஆனால் சில நாள் கழித்து மறுபடி அதே பேச்சு வரும். நானும் அதே பதிலைச் சொல்வேன். எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் அவர் நின்று அந்தக் கறுப்பு ராடு முன்னும் பின்னும் போவதையே பார்ப்பார். சந்தோஷமாக ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர்களுக்கு இடையில் இந்தக் கோடு என் சுண்ணாம்பால் விழுந்ததுதானே என்று நான் வீட்டில் சொல்லிப் புலம்புவேன். "நீங்க பொய்யா கோடு கிழிச்சீங்க? இருந்ததக் காட்டினீங்க," என்பாள் என் மனைவி. அவள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் நியாயம் வேறு, மனதில் கிடக்கிற பாரம் வேறு.

சில வருஷம் கழித்துப் பெரியவரின் மகளுக்குக் காயலில் கல்யாணம் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்றுதான் விருந்தாளிகளை வரவேற்றார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசியதெல்லாம் பந்தி ஆயிற்றா, தண்ணீர் வந்ததா என்பதுதான். சாப்பாடு முடிந்து நான் கிளம்பும்போது, பெரியவர் என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் நடந்துட்டு வருவோம் வாரும்," என்றார்.

கடற்கரைப் பக்கம் போனோம். வெயில் தாழ்ந்திருந்தது. மனிதர் மிகவும் இளைத்துப்போயிருந்தார். மணலில் உட்கார்ந்தோம். பிறகு கேட்டார்:

"அந்தக் கறுப்பு ராடு எப்பிடி ஓடுது?"

"நல்லா ஓடுது மொதலாளி. ஒரு கொறையும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "அந்த ஜோடி ஒடஞ்சுபோச்சு வே."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் தேங்காயெண்ணெய் மில்லுக்குப் போன ராடு நினைவுக்கு வந்தது.

"கொழும்புக்குப் போனதுமே மொத வேலையா கூட்டாளிட்ட சொன்னேன். எஞ்சின நிறுத்திப் பாரும், எங்க மேஸ்திரி இப்பிடிச் சொல்லுதாருன்னேன். சிரிச்சாரு. ஒம்ம சாமான வேண்டாம்னு தம்பி சொன்னதுல ஒமக்கு மனசு கெட்டுப்போச்சு, அதான் ஊர்ல உள்ள ராடெல்லாம் ஒடைஞ்சதா தெரியுதுன்னாரு. எனக்கும் சுருக்குன்னுச்சு. அதுக்கு மேல வற்புறுத்தல. உள்ளுக்குள்ள எனக்கும் ஒரு ஆசை இருந்துச்சு வே. அது நல்லா ஓடிட்டா, நான் பொறுக்குனது நல்ல சாமான்னு ஆயிரும்ல. ஒரு வருசம் ஓடிச்சு. ஒவ்வொரு நாளும் அந்த மில்லு வாசல் வழியாப் போவேன். சத்தம் கேட்டா மனசுக்கு ஒரு நிம்மதி. அப்புறம் ஒரு நா காலைல போறேன், சத்தம் இல்ல. வாசல்ல கூட்டம்."

ராடு உடைந்தபோது எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற ஆள் ஒருவன் எதிரில் நின்றிருக்கிறான். நம் பக்கத்து ஆள்தான், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஏதோ கிராமம், பிழைக்கப் போனவன். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. பெண்சாதியும் பிள்ளைகளும் கொழும்பிலேயே இருந்தார்கள். பெரியவர் அந்தக் குடும்பத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தார். அரிசியும் சாமானும் அவர் கடையிலிருந்தே போகிறதாம்.

"நீங்க சொன்னீங்களே மொதலாளி. கேக்காதது அவரு."

"சொன்னேன். தம்பி சொன்ன மாதிரி சொல்லல," என்றார். "அவன் எனக்கு முன்னால நின்னு வேண்டாம்னு சொன்னாம் பாரும், அந்த மாதிரி நான் கூட்டாளி முன்னால நின்னு சொல்லல."

அவர் கண் கடலைப் பார்த்தபடியே இருந்தது. நான் கேட்டேன்: "இத சின்ன மொதலாளிட்ட சொல்லலையா? நீங்க அவங்க மேல கோவமா இருக்கதால்ல நெனைச்சுக்கிட்டு இருக்காங்க."

"கோவமா? அவன் மேலயா?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "அவன் மூஞ்சியப் பாக்க எனக்குல்ல வெக்கமா இருக்கு. அந்த மில்லுக்குள்ள வந்து அந்த எஞ்சின் ஓடுதத எப்பிடி வே பாப்பேன்?"

இப்போதே போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். கல்யாண வீடு, மாப்பிள்ளை வீட்டார் நிறைந்திருக்கிறார்கள், சாவுப் பேச்சை எடுக்கிற நேரம் இதுவல்ல என்றார். "அடுத்த பயணம் வரும்போது ஏரலுக்கு வாறேன். நானே அவன உக்கார வச்சுச் சொல்லுதேன். அது வரைக்கும் நீரு வாயத் தொறக்காதேயும். என் வாயால கேக்கணும் அவன்." சரி என்றேன். அது அவருடைய பேச்சு, அவர்தான் பேச வேண்டும். இன்றைக்கும் அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏரலுக்கு வருகிறேன் என்று அவர் சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது. மில்லுக்குத் திரும்பியபோது மனது லேசாகியிருந்தது.

அடுத்த பயணம் வரவில்லை. சீமையில் யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் போக்குவரத்தில் தடைகள் இருந்தன. கொழும்புக் கடையை விட்டு அவரால் கிளம்ப முடியவில்லை. வருகிறேன், வருகிறேன் என்றுதான் எழுதினார். யுத்தம் முடியும் தறுவாயில் ஊரெங்கும் விஷக் காய்ச்சல் பரவியது. ஏரலிலும் வீட்டுக்கு வீடு படுத்தார்கள். மில் சில வாரம் நின்றேபோயிற்று. அந்த நாட்களில்தான் தந்தி வந்தது. பெரியவர் கொழும்பில் மவுத்தாகிவிட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

சின்ன முதலாளி காயலுக்குப் போய், காரியங்களெல்லாம் முடித்துத் திரும்பி வந்த அன்று, ஓடாத எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கோவத்தோடயே போயிட்டாங்க வே," என்றார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கடற்கரையில் கேட்டதெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

கேட்டு முடித்த பிறகு, "வெக்கமா?" என்றார். "என்ட்டயா?" அண்ணன் அன்று கேட்ட அதே குரலில் இவரும் கேட்டார். பிறகு, "நீரு முன்னாலேயே சொல்லியிருக்கலாம் வே. நான் அடுத்த கப்பல்ல ஓடியிருப்பேனே," என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. பெரியவர் என்னிடம் வாக்கு வாங்கியதைச் சொன்னேன். தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினார். "காக்கா வாக்கு வாங்குனா யாரால மீற முடியும்?" என்று சொல்லிக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வழி திறந்ததும் அவர் கொழும்புக்குப் போனார். அண்ணனை அடக்கியிருந்த கப்ருக்குப் போய்ப் பாத்திஹா ஓதிவிட்டு, ராடு உடைந்து இறந்த அந்த ஆளின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார். தான் யாரென்று சொன்னதுமே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டதாம். "ஏரல் மில்லுக்காரவுகளா?" என்று கேட்டிருக்கிறாள். பெரியவர் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் தம்பியைப் பற்றிப் பேசுவாராம். 'என் தம்பி மில்லுல ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் விழல. அண்ணன்னு பாக்காம வேண்டாம்னு சொன்னவன் அவன். எனக்கு அந்தத் தைரியம் இருந்திருந்தா ஒன் புருஷன் இருப்பான் தாயி.' இதைக் கடையில் வருகிறவர் போகிறவரிடமும் சொல்வாராம். கொழும்பில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"எல்லாத்துட்டயும் சொல்லியிருக்காங்க," என்றார் சின்ன முதலாளி. "என்ட்ட மட்டும் சொல்லல."

அந்தக் குடும்பத்துக்கு அனுப்புவதை அவர் தொடர்ந்தார். பிறகு கொழும்புக் கடையைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால், அவரே அங்கே போய் இருப்பதென்று முடிவாயிற்று. மில்லை ஸ்ரீவைகுண்டத்து வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார். புது முதலாளி என்னை இருக்கச் சொன்னார், நான் இருக்கவில்லை. வண்ணார்பேட்டையில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது, என் மனைவிக்கும் பிறந்த வீடு பக்கமாயிற்று.

சின்ன முதலாளியைத் தூத்துக்குடியில் வழியனுப்பப் போயிருந்தேன். படகில் ஏறுவதற்கு முன்பு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "போயிட்டு வாறேன் வே. காக்கா இருந்த எடத்துலயே உக்காந்து பாக்கேன்," என்றார். இத்தனை காலம் கழித்து, தனியாக, அண்ணன் போன வழியிலேயே அவரும் கிளம்பினார். படகு கப்பலை நோக்கிப் போகும்வரை நின்று பார்த்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று நான் திரும்பி நடந்தேன்.